பார்தெனாஸ் ரெயாலெஸ் பாலைநிலத்துக்குக் காரில் போக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் வடக்கே, நவார்ரா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், சுமார் 42,000 ஹெக்டேர் பரப்பில் கிடக்கும் வறண்ட நிலம் பார்தெனாஸ் ரெயாலெஸ். 1999-ல் இயற்கைப் பூங்காவானது. அடுத்த ஆண்டே யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நிறையப் பேர் இங்கே வந்து ஒரே ஒரு பாறையைப் படம் பிடித்துவிட்டு, அடுத்த ஊருக்குக் காரைத் திருப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் பக்கத்து ஊரில் இரண்டு இரவாவது தங்கிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

வட ஸ்பெயின் என்றால் மழையும் பச்சை மலையும்தானே? அங்கே பாலைவனம் எப்படி வந்தது?

கடலோரம் பச்சைதான். சான் செபஸ்தியான், பில்பாவோ பக்கமெல்லாம் ஆண்டு முழுக்க மழை. ஆனால் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை வழியில் இருக்கும் மலைகள் பிழிந்துவிடுகின்றன. மலையைத் தாண்டி எப்ரோ ஆற்றின் பள்ளத்தாக்குக்கு வரும்போது அதில் ஈரம் மிச்சமில்லை. பார்தெனாஸில் ஆண்டுக்கு 400 மி.மீ. மழை பெய்தாலே அதிகம். கூடவே வடமேற்கிலிருந்து ‘சியெர்சோ’ என்ற வறண்ட குளிர்காற்று அடித்து, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

கண்டிப்பாகச் சொன்னால் இது பாலைவனம் இல்லை, அரைப்பாலை. மணல்மேடுகளை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இங்கே இருப்பது களிமண், ஜிப்சம், மணற்கல். சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்வரை எப்ரோ பள்ளத்தாக்கு கடலுக்கு வழியில்லாத மூடிய வடிநிலமாக இருந்தது. சுற்றியுள்ள மலைகளிலிருந்து வந்த வண்டல் அதில் அடுக்கடுக்காகப் படிந்தது. பிறகு தண்ணீருக்கு மத்தியதரைக் கடல் பக்கம் வழி திறந்ததும், படிந்ததெல்லாம் அரிக்கப்பட ஆரம்பித்தது. அந்த அரிப்பு இன்றும் நிற்கவில்லை. மழை குறைவுதான், ஆனால் பெய்தால் கொட்டித் தீர்க்கும். பிடித்து வைக்கச் செடி கொடி அதிகம் இல்லாததால் மண் கரைந்து ஓடுகிறது. நாம் பார்க்கப்போகிற ஒவ்வொரு ஓடையும் குன்றும் மழை செதுக்கியவை. பயணத் திட்டத்துக்கும் இது முக்கியம். ஏன் என்று கார் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

உள்ளே பார்க்க என்னென்ன இருக்கிறது?

மூன்று பகுதிகள். வடக்கே ‘எல் பிளானோ’, பெயருக்கேற்ற சமதளம், பெரும்பாலும் விளைநிலம். நடுவில் ‘பிளாங்கா’, வெளிறிய மண்ணும் விசித்திரக் குன்றுகளும் உள்ள இடம். நீங்கள் படங்களில் பார்த்தது இதைத்தான். தெற்கே ‘நெக்ரா’, சற்று உயரமானது, பைன் மரங்களும் புதர்களும் மூடியது. முதல் தடவை போகிறவர்களுக்கு பிளாங்கா போதும்.

பிளாங்காவின் முகம் காஸ்தில்தெதியெர்ரா என்ற ஒற்றைத் தூண். அடியில் மென்மையான களிமண், உச்சியில் கெட்டியான மணற்கல். அந்தக் கல் குடை பிடித்த மாதிரி மழையைத் தடுத்ததால், சுற்றியிருந்த மண்ணெல்லாம் கரைந்து போன பிறகும் இது மட்டும் நின்றுவிட்டது. கல் ஒரு நாள் விழும், அதன்பின் தூணும் நிலைக்காது. அதனால்தான் மேலே ஏறத் தடை. அடிவாரத்தில்கூடப் பாதையை விட்டு விலகாதீர்கள். ஒவ்வொருவர் காலடியும் அந்தக் களிமண்ணைக் கொஞ்சம் உதிர்க்கிறது.

ஆனால் தயவுசெய்து இதோடு நிறுத்திவிடாதீர்கள். சுற்றுப்பாதையில் இன்னும் தள்ளிப் போனால் பிஸ்கேர்ரா என்ற குன்றுக்கூட்டம் வரும். வண்டியை நிறுத்திவிட்டு நடந்தால், மஞ்சளும் சாம்பலும் செம்மையுமாக மண் வரிவரியாகத் தெரியும். கூட்டம் இங்கே கால்வாசிகூட இருக்காது. என்னைக் கேட்டால் பார்தெனாஸில் நடக்க இதைவிட நல்ல இடம் இல்லை. சான்சிகொர்ரோத்தா என்ற குன்றையும் பாருங்கள். 15-ஆம் நூற்றாண்டில் இங்கே ஒளிந்து வாழ்ந்த ஒரு கொள்ளைக்காரனின் பெயர் அது. தடம் தெரியாமல் இருக்கக் குதிரைக்கு லாடத்தைத் திருப்பி அடித்தான், அரசன் அனுப்பிய குதிரைப்படை சூழ்ந்தபோது பிடிபடாமல் தன்னையே மாய்த்துக்கொண்டான் என்று கதை சொல்கிறார்கள்.

மேலேயும் பாருங்கள். கழுகுகள் வட்டமிடாத நேரம் குறைவு. பாறை முகப்புகளில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. அதனால் கூடு கட்டும் மாதங்களில் சில இடங்களுக்குப் போக விட மாட்டார்கள்.

எந்த ஊரிலிருந்து கிளம்புவது வசதி?

நுழைவாயில் என்று சொல்லத்தக்க ஊர் அர்கேதாஸ். பம்ப்லோனாவிலிருந்து அங்கே சுமார் ஒரு மணி நேரம், சரகோசாவிலிருந்து அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சான் செபஸ்தியானிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மாட்ரிட்டிலிருந்து மூன்றரை மணி, பார்சிலோனாவிலிருந்து நான்கு மணி வைத்துக்கொள்ளுங்கள். மாட்ரிட்டிலிருந்து வருபவர்கள் சரகோசாவரை ரயிலில் வந்து அங்கே கார் எடுத்தால் களைப்பு மிச்சம். அதிவேக ரயிலுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் ஆகிறது. பக்கத்து நகரமான துதேலாவுக்கும் ரயில் உண்டு, ஆனால் பூங்காவுக்குள் பேருந்து எதுவும் கிடையாது. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ சைக்கிளோ இல்லாமல் இங்கே ஒன்றும் செய்ய முடியாது.

அர்கேதாஸிலிருந்து பிரியும் தார்ச்சாலையில் சுமார் 6 கி.மீ. போனால் தகவல் மையம் வரும். கட்டாயம் நிறுத்துங்கள். வரைபடம் கிடைக்கும், அன்றைக்கு எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று சொல்வார்கள், கழிப்பறையும் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது.

சாதாரண கார் போதுமா, நாலு சக்கர இயக்க வண்டி வேண்டுமா?

மண் காய்ந்திருந்தால் சாதாரண சின்னக் காரே போதும். பிளாங்காவைச் சுற்றி வரும் பாதை சுமார் 34 கி.மீ., சரளையும் மண்ணும் கலந்தது. குழிகள் இருக்கும், புழுதி பறக்கும், வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது. எதிரே வண்டி வந்தால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள், சரளைக்கல் தெறித்துக் கண்ணாடியில் விரிசல் விழும்.

மழை பெய்துவிட்டால் கதையே வேறு. இது களிமண் நிலம். நனைந்த களிமண் டயரில் அப்பிக்கொண்டு பிடிமானத்தையே இல்லாமல் செய்துவிடும். அப்போது நாலு சக்கர இயக்கமும் பெரிதாக உதவாது. பாதைகளை மூடிவிடுவதும் உண்டு. மழை நின்றதும் வெயில் வந்துவிட்டதே என்று இறங்காதீர்கள், மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் பள்ளங்களில் சேறு அப்படியே இருக்கும். முதல் நாள் மழை என்றால் திட்டத்தை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். இரண்டு இரவு தங்கச் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒரே நாளை மட்டும் ஒதுக்கிக்கொண்டு வந்தவர்கள், அந்த நாள் நனைந்துவிட்டால் தகவல் மையத்தோடு திரும்பவேண்டியதுதான்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். தார் போடாத பாதையில் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு இல்லை என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். முழுக் காப்பீடு எடுத்தாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் அதில் சேராமல் இருக்கலாம். அதைத் தனியாகக் கேளுங்கள். வேறு டயர் இருக்கிறதா, அல்லது வெறும் பஞ்சர் ஒட்டும் கிட் மட்டுமா என்பதையும் வண்டி எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, துதேலாவிலோ அர்கேதாஸிலோ நிரப்பிக்கொண்டு போங்கள். பங்கில் பெட்ரோலுக்கு ‘கசோலினா’, டீசலுக்கு ‘கசோலியோ’ அல்லது ‘தியேசெல்’. முதல் இரண்டும் காதில் ஒரே மாதிரி விழும், எனவே மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கவேண்டும். ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள், வெளிநாடு போனபின் அலைய முடியாது. ஸ்பெயினில் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள். உயரம் 135 செ.மீ. வரை உள்ள குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம், அவர்கள் பின்னால்தான் உட்காரவேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே அல்லது அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும், நிழல் என்று ஒதுங்க ஒரு மரம்கூட பிளாங்காவில் இருக்காது. நமக்கு வெயில் பழக்கம்தானே என்று நினைக்காதீர்கள். காற்று வறண்டது என்பதால் வியர்ப்பதே தெரியாமல் உடம்பிலிருந்து தண்ணீர் போய்விடும். ஆளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். உள்ளே கடை எதுவும் இல்லை.

வசந்த காலத்தில் வந்தால் கோதுமை வயல்கள் பச்சையாக இருக்கும். வெளிறிய குன்றுகளுக்கு அடியில் பசேலென்று வயல் விரிந்து கிடப்பதைப் பார்க்கும்போது, இதைப் பாலைவனம் என்று சொல்லிக் கூட்டி வந்தவரைச் சந்தேகிக்கத் தோன்றும். எனக்கு அக்டோபர்தான் பிடிக்கும். அதற்குக் கடிகாரமும் ஒரு காரணம். பூங்கா காலை 8 மணிக்குத் திறக்கிறது, இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியேறிவிடவேண்டும். கோடையில் 8 மணிக்குள் சூரியன் நன்றாக மேலே வந்திருக்கும். அக்டோபர் நடுவிலிருந்து, மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைக்கும்வரை, அங்கே விடிவதே 8.20-க்கு மேல். முதல் ஆளாக உள்ளே போனால் காஸ்தில்தெதியெர்ராவில் சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியிலும் இது சாத்தியம், ஆனால் சியெர்சோ காற்றில் கையை வெளியே நீட்ட முடியாது. அக்டோபரிலேயே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் ஒன்று வேண்டும்.

எத்தனை நாள் ஒதுக்கலாம்?

சுற்றுப்பாதையை நிற்காமல் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐந்தாறு இடத்தில் இறங்கிப் பார்த்தால் மூன்று மணி நேரம். அதை வைத்துக்கொண்டு பலரும் அரை நாள் போதும் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நண்பகல் வெளிச்சத்தில் இந்த நிலம் தட்டையாக, நிறமே இல்லாமல் தெரியும். குன்றுகளின் மடிப்பில் நிழல் விழும் காலையிலும் மாலையிலும்தான் அதன் உருவம் வெளியே வரும். மாலையில் வந்து சேர்ந்து அர்கேதாஸுக்கு மேலே உள்ள யூகோ மாதா கோயிலிலிருந்து நிலத்தைப் பாருங்கள். அந்தக் கோயில் மேட்டின் விளிம்பில் இருப்பதால் பரப்பு முழுதும் புரியும். மறுநாள் காலை 8 மணிக்கு உள்ளே போய் 11 மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். மதியம் சாப்பாடு, ஓய்வு. மாலை மறுபடி உள்ளே போய் பிஸ்கேர்ரா பக்கம் நடக்கலாம்.

நடுவில் ராணுவப் பகுதி இருக்கிறதாமே? ஆபத்தா?

ஆமாம், 1951-லிருந்து பிளாங்காவின் நடுவே விமானப்படையின் குண்டு வீச்சுப் பயிற்சிக் களம் இருக்கிறது. பரப்பு 2,200 ஹெக்டேருக்கு மேல். சுற்றுப்பாதை அதைச் சுற்றித்தான் போகிறது. எல்லையில் அறிவிப்புப் பலகைகள் நிற்கும், அவற்றைத் தாண்டிக் காலை வைக்கக்கூடாது. பாதையில் போகிறவர்களுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் வார நாட்களில் போர் விமானம் திடீரென்று தலைக்கு மேல் இரைச்சலோடு போகலாம். சின்னக் குழந்தைகள் இருந்தால் முன்பே சொல்லி வையுங்கள். இந்தக் களம் வேண்டாம் என்று நவார்ரா மக்கள் பல ஆண்டுகளாக ஊர்வலம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உயிர்க்கோளக் காப்பகத்தின் நடுவில் குண்டு போடுவதை என்னாலும் ஏற்க முடியவில்லை.

உள்ளேயே கூடாரம் போட்டு அல்லது கேரவனில் தங்கலாமா? ட்ரோன் பறக்கவிடலாமா?

இரண்டும் கூடாது. அனுமதித்த பாதையை விட்டு வண்டியை இறக்குவதும் கூடாது. ஒரு தடவை டயர் பதிந்த மண் அடுத்த மழையில் அந்தத் தடத்திலேயே அரிக்கப்பட்டு ஓடையாகிவிடும்.

அப்படியானால் எங்கே தங்குவது?

அர்கேதாஸிலும் பக்கத்து வால்தியெர்ராவிலும் குகை வீடுகள் உண்டு. மலைச்சரிவைக் குடைந்து, ஏழைக் குடும்பங்கள் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வாழ்ந்த வீடுகள் அவை. சிலவற்றைச் சீர்படுத்தி வாடகைக்கு விடுகிறார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் ஜன்னல் முன்பக்கம் மட்டும்தான் இருக்கும், அடைத்த அறை ஒத்துக்கொள்ளாதவர்கள் யோசித்துப் பதிவு செய்யுங்கள்.

ஓட்டல், கடை, மருந்துக்கடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்றால் துதேலா. எப்ரோ கரையில் உள்ள பழைய ஊர். முஸ்லிம்கள், யூதர்கள், கிறித்தவர்கள் என்று மூவரும் வாழ்ந்த இடம். 12-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்வரை போய்ப் பயணக்குறிப்பு எழுதிய பெஞ்சமின் இந்த ஊர்க்காரர்தான். நம் பக்கத்துக் கொல்லத்தில் மிளகு விளைவதைப் பற்றியும் அவர் குறிப்பில் வருகிறது.

சைவ உணவு கிடைக்குமா?

ஸ்பெயினில் சைவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம். துதேலாவைச் சுற்றியுள்ள ஆற்றங்கரைத் தோட்டங்கள் நாடு முழுக்கப் பெயர் பெற்றவை. கூனைப்பூ, வெள்ளை ஆஸ்பராகஸ், ‘கோகோயோ’ என்ற குட்டி லெட்யூஸ், லொதோசா ஊரின் பிக்கீயோ மிளகாய் எல்லாம் இந்த வட்டாரத்தின் பெருமை. வசந்த காலத்தில் காய்கறிக்கென்றே விழா எடுக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘மெனெஸ்த்ரா’ என்று காய்கறிக் கூட்டு ஒன்று உண்டு, அதில் பன்றி இறைச்சித் துண்டுகளைப் போடுவது சாதாரணம். கோகோயோ மேல் நெத்திலி வைப்பார்கள். பிக்கீயோவுக்குள் மீன் அடைத்திருக்கும். ‘சின் கார்னே’ என்று இறைச்சி வேண்டாம் எனச் சொன்னாலும், ஹமோனை, அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையை, அதில் சேர்க்காதவர்கள் இருக்கிறார்கள். எனவே ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ’ என்று, இறைச்சி, ஹமோன், மீன் மூன்றும் வேண்டாம் எனச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரமும் முக்கியம். மதியம் 1.30-க்கு முன் சமையலறை திறக்காது, 3.30-க்கு மேல் மூடிவிடும். இரவுச் சாப்பாடு 8.30-க்குப் பிறகுதான். குழந்தைகளுக்குப் பழம், ரொட்டி, தயிர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. காஸ்தில்தெதியெர்ராவுக்குக் கிட்டவரை கார் போகும், நடக்காமலே நன்றாகப் பார்க்கலாம். முதுகுவலி உள்ளவர்களுக்கு 34 கி.மீ. குலுக்கல் சிரமம், அவர்களுக்குத் தூண்வரை போய்த் திரும்புவதே நல்லது. குழந்தைகளுக்கு மண் அலுத்துவிட்டால் அர்கேதாஸ் பக்கம் செந்தா விவா என்ற விலங்குக் காட்சிப் பூங்கா இருக்கிறது. குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

செப்டம்பர் 18 அன்று அப்படி என்ன விசேஷம்?

பைரனீஸ் மலையில் கோடையைக் கழித்த செம்மறி மந்தைகள் குளிர்காலத்துக்காக பார்தெனாஸுக்குள் நுழையும் நாள் அது. கார்காஸ்தில்யோ ஊருக்குப் பக்கத்தில் ‘எல் பாசோ’ என்ற இடத்தில் விடியற்காலையில் ஆயிரக்கணக்கான ஆடுகள் எல்லையைக் கடக்கும். ரோன்கால், சலசார் பள்ளத்தாக்குகளிலிருந்து பல நாள் நடந்து வருபவை.

இந்த நிலம் எந்த ஊராட்சிக்கும் சொந்தமில்லை. மேய்க்கவும் உழவும் உரிமை உள்ளவர்கள் 22 பேர்: சுற்றியுள்ள 19 ஊர்கள், அந்த இரண்டு மலைப் பள்ளத்தாக்குகள், கடைசியாக லா ஒலிவா மடம். அந்த உரிமை மிகப் பழையது, 1705-ல் அரசன் ஐந்தாம் பிலிப் அதை நிரந்தரமாக்கினான். அதனால் வழியில் ஆட்டிடையரையோ டிராக்டரையோ பார்த்தால் ஒதுங்கி வழி விடுங்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குத்தான் நாம் வந்திருக்கிறோம். மந்தை பாதையைக் கடந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். செம்மறி ஆட்டுப் பாலில் செய்யும் ரோன்கால் பாலாடைக்கட்டியைத் துதேலாவில் வாங்கலாம்.

இன்னும் இரண்டு நாள் இருந்தால் எங்கே நீட்டலாம்?

வடக்கே போனால் ஒலிதேயில் நவார்ரா அரசர்களின் அரண்மனை. வழியில் லா ஒலிவா மடம், 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, துறவிகள் இன்றும் வாழ்கிறார்கள்.

வறண்ட நிலம்தான் வேண்டும் என்றால் கிழக்கே அரகோன் மாநிலத்துக்குள் போங்கள். வால்பால்மாஸ் ஊருக்கு வெளியே ‘அகுவாராலெஸ்’ என்று ஒரு இடம், மழை அரித்த மண் ஊசிக் கோபுரங்களாக நிற்கும். பார்தெனாஸோடு ஒப்பிட்டால் கைக்குட்டை அளவுதான், ஆனால் வேலைப்பாடு நுணுக்கமானது. அங்கிருந்து தென்கிழக்கே மொனேக்ரோஸ். சரகோசாவுக்கும் வெஸ்காவுக்கும் இடைப்பட்ட பெரிய வறள் நிலம் அது. அங்கே ஹுபியெர்ரே பகுதியில் ‘தோசால் தெ லா கொபேத்தா’ என்ற தூண், காஸ்தில்தெதியெர்ராவின் உறவு என்றே சொல்லலாம், நாள் முழுக்க நின்றாலும் இரண்டு மூன்று கார்தான் வரும். அல்குபியெர்ரே மலையில் உள்நாட்டுப் போர்க்காலப் பதுங்குகுழிகளைச் சீர்படுத்தி வைத்திருக்கிறார்கள். மொனேக்ரோஸில் வழிகாட்டிப் பலகைகள் குறைவு, கைபேசி சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். வரைபடத்தை முதல் நாள் இரவே தரவிறக்கிக்கொண்டு, சரகோசாவில் காரைத் திருப்பிக் கொடுக்கும்படி முன்பதிவு செய்துவிட்டால், வந்த வழியே திரும்ப ஓட்டவேண்டியதில்லை.